பாத்தத முதல்ல எழுதுங்க, நெனச்சத அப்புறம் எழுதுங்க: சின்னக் குழந்தைங்கள கவனிச்சு நோட்ஸ் எடுக்குறது எப்படி

"நல்லா விளையாடினான். பிளாக்ஸ்ல ஆர்வமா இருந்தான். மத்த பசங்களோட சேர்ந்து இருந்தான்."

இந்த மாதிரி நோட்ஸ் நான் வருஷக்கணக்கா எழுதியிருக்கேன், ஒரு குழந்தைக்கு 30, 40 பக்கம் கூட சேர்ந்திருக்கு. ஒரு நாள் ஒரு அம்மா வந்து உக்காந்து "என் புள்ள இப்போ எதுல இருக்கான், நான் வீட்ல என்ன செஞ்சா அவனுக்கு உதவியா இருக்கும்"னு கேட்டாங்க, நானும் ஃபைல புரட்டுறேன் புரட்டுறேன், சொல்றதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. பேர மட்டும் மாத்திட்டா அந்த நோட்ஸ் கிளாஸ்ல இருக்குற எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். அன்னைக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, அவங்க கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. அதுக்கப்புறம் தான் இத ஒழுங்கா கத்துக்கணும்னு உக்காந்தேன். ப்ரீஸ்கூல், க்ரெச்ல வேலை பாக்குறவங்க, வீட்ல 2 வயசுலேருந்து 5 வயசு வரைக்கும் புள்ளைங்கள வச்சிருக்கிறவங்க, யாருக்கு வேணாலும் இது உதவும்.

மொதல்ல ஒரு சோதனை சொல்றேன். நீங்க எழுதின நோட்ல பேர மறைச்சுட்டு கூட வேலை பாக்குறவங்ககிட்ட குடுங்க. அட இது அந்தப் பையன் தானேன்னு அவங்க சொல்லிட்டா நோட் உருப்படியா இருக்குன்னு அர்த்தம், யாருன்னு தெரியலயேன்னு சொன்னா மறுபடி எழுதணும்.

அதே பிளாக்ஸ் விளையாட்ட இப்போ இப்படி எழுதிப் பாருங்க: "காலை 10:10. 6 பிளாக்க ஒண்ணு மேல ஒண்ணு வச்சான், 7வது வைக்கும்போது விழுந்துடுச்சு. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். பெரிய பிளாக்க தேடி எடுத்து அடியில வச்சான். 'இது கீழ இருக்கணும்'னு தனக்குத்தானே சொன்னான். 8 வரைக்கும் நின்னுச்சு. பக்கத்துல இருந்த பொண்ணு கை வச்சப்ப 'தொடாத, இன்னும் முடியல'ன்னான். 10:22க்கு எந்திரிச்சு போனான்." இதுல நான் அவன பாராட்டவும் இல்ல, கொறை சொல்லவும் இல்ல. ஆனா படிக்கிற உங்களுக்கே அவன் விழுந்தத பாத்து யோசிச்சான், காரணம் கண்டுபிடிச்சான், மாத்தி செஞ்சான், 12 நிமிஷம் ஒரே விஷயத்துல இருந்தான்னு புரியுது இல்லையா. ஆர்வமா இருந்தான்னு நான் தனியா எழுத வேண்டிய தேவையே இல்ல.

அதனால கவனிக்கும்போது வினைச்சொல்லா எழுதுங்க. எடுத்தான், வச்சான், திரும்பிப் பாத்தா, கைய இழுத்துக்கிட்டா, ரெண்டு தடவ சொன்னா. சமத்து, அடம், கூச்சம், சுறுசுறுப்பு, சோம்பல், இந்த வார்த்தையெல்லாம் உங்க மனசுல வந்த முடிவு, கண்ணுல பட்ட விஷயம் கெடையாது. முடிவு எழுதக்கூடாதுன்னு நான் சொல்லல, எழுதியே ஆகணும், ஆனா கீழ ஒரு கோடு போட்டுட்டு கோட்டுக்கு அடியில எழுதுங்க. மேல பாத்தது, கீழ நெனச்சது. ஏன்னா நாம நெனச்சது தப்பா இருந்தா அப்புறமா மேல இருக்குறத படிச்சு திருத்திக்கலாம், ரெண்டையும் கலந்து எழுதிட்டா திருத்தவே முடியாது, "அடம் பிடிக்கிற பையன்"னு அடுத்த டீச்சர் கைக்கும் அதே தான் போகும், அந்தப் புள்ள பாவம் வருஷம் பூரா அந்தப் பேரோட சுத்தும்.

சார்லஸ் டார்வின் 1839ல பொறந்த தன் மூத்த மகன கூடவே இருந்து கவனிச்சு, எத்தனாவது நாள்ல என்ன செஞ்சான்னு குறிச்சு வச்சிருந்தாரு, அந்தக் குறிப்ப வச்சு 1877ல ஒரு கட்டுரையே வந்துச்சு. 37 வருஷம் கழிச்சு எடுத்துப் பாத்தாலும் பயன்பட்டுச்சுன்னா அது நாள் போட்டு, பாத்தத பாத்தபடி எழுதினதால தான். நம்ம நோட்ஸ் 3 வாரம் கழிச்சு நமக்கே புரிஞ்சா போதும், ஆனா வழி அதே வழி தான்.

குழந்தை சொன்னத அப்படியே எழுதுங்க, இது ரொம்ப முக்கியம். மழலையா சொன்னாலும், ரெண்டு மொழிய கலந்து சொன்னாலும், தப்பா சொன்னாலும் நீங்க திருத்தி எழுதாதீங்க. தப்புல தான் விஷயம் இருக்கும். இங்கிலீஷ் பேசுற குழந்தைங்க 'வென்ட்' (went)னு சொல்ல வேண்டிய எடத்துல 'கோ-எட்' (goed)னு சொல்லுவாங்க, அப்படி ஒரு வார்த்தைய பெரியவங்க யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க, அப்போ அந்தப் புள்ள கேட்டத திருப்பிச் சொல்லல, கடந்த காலத்துக்கு ஒரு விதி இருக்குன்னு தானா கண்டுபிடிச்சு அத எல்லா வார்த்தைக்கும் போட்டுப் பாக்குதுன்னு அர்த்தம். நீங்க அத சரியான வார்த்தையா மாத்தி எழுதிட்டா அந்த வளர்ச்சி நோட்ல காணாமப் போயிடும். எந்த மொழியா இருந்தாலும் இந்த மாதிரி எடம் வரும், காத திறந்து வச்சிருங்க.

எப்போ எழுதுறது? நாள் பூரா நோட்ட கையில வச்சுக்கிட்டு சுத்த வேண்டாம், அப்படி சுத்தினா நீங்க குழந்தையோட இருக்க மாட்டீங்க. ரெண்டு விதமா செய்யலாம். ஒண்ணு, முன்னாடியே முடிவு பண்ணி ஒரு குழந்தை பக்கத்துல 5 நிமிஷம் சும்மா உக்காந்து பாக்குறது, கேள்வி கேக்காம, "இது என்ன கலர்"னு நடுவுல நுழையாம. அந்த 5 நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருக்குறது பழக்கம் இல்லாதவங்களுக்கு ரொம்ப கஷ்டம், எனக்கு ஒரு மாசம் ஆச்சு. இன்னொன்னு, நீங்க எதிர்பாக்காத நேரத்துல புதுசா ஒண்ணு நடக்கும், அத பாக்கெட்ல இருக்குற சின்ன ஸ்டிக்கி நோட்ல தேதி, நேரம், நாலு வார்த்தை, அவ்ளோ தான். அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அந்த நாலு வார்த்தைய நாலு வரியா ஆக்கிடுங்க, மறுநாளைக்கு தள்ளிப் போட்டா பாதி மறந்துடும், மறந்த பாதிய நம்ம மனசு தானா எதையோ போட்டு நிரப்பிடும், அது நடந்ததுன்னே நாமளும் நம்பிடுவோம்.

போட்டோ பத்தி. போட்டோ எடுங்க, ஆனா முகத்த விட கைய எடுங்க, என்ன செய்யுறாங்கன்னு தெரியுற மாதிரி. போட்டோ மட்டும் இருந்து கீழ ரெண்டு வரி இல்லன்னா 2 வாரத்துல அது ஏன் எடுத்தோம்னே தெரியாது. அப்பா அம்மாகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அடுத்த குழந்தை முகம் அதுல வருதான்னு பாக்கணும், உங்க சொந்த போன்ல வச்சுக்கக் கூடாது, வாட்ஸ்அப் குரூப்ல போடவே கூடாது. குழந்தை வேண்டாம்னு தலைய ஆட்டினாலோ திரும்பிக்கிட்டாலோ போன கீழ வச்சிடுங்க, 3 வயசா இருந்தாலும் அது அவங்க இஷ்டம்.

சரி, என்னத்த பாக்குறது? அவங்களுக்கு என்ன தெரியும்னு மட்டும் பாக்காதீங்க, எவ்வளவு ஆழமா ஒரு வேலையில இருக்காங்கன்னு பாருங்க. பெல்ஜியத்துல லூவன் பல்கலைக்கழகத்துல ஃபெரே லாவர்ஸ் குழு இதுக்குன்னே 5 நிலை இருக்குற ஒரு அளவுகோல் பண்ணியிருக்காங்க, குழந்தை மனசளவுல நிம்மதியா இருக்கா, செய்யுற வேலையில முழுசா மூழ்கி இருக்கா, இந்த ரெண்டையும் 1லேருந்து (ரொம்ப கம்மி) 5 வரைக்கும் (ரொம்ப அதிகம்) பாக்குறது. கண்ணு எங்க இருக்கு, சத்தம் கேட்டா திரும்புறாங்களா, தடை வந்தா விட்டுட்டு போறாங்களா திரும்ப முயற்சி பண்றாங்களா, இத வச்சு பாக்கணும். எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது என்னன்னா, ஒரு குழந்தைக்கு எல்லா எடத்துலயும் 2 வருதுன்னா நாம குழந்தைய மாத்த யோசிக்காம அறைய, பொருள, நேரத்த, நம்மள மாத்த யோசிக்க வைக்குது.

சும்மா நின்னு வேடிக்கை பாக்குற குழந்தைய "கலந்துக்கல"ன்னு எழுதிடாதீங்க. மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1932லயே குழந்தைங்க ஒருத்தரோட ஒருத்தர் விளையாடுறத வகை பிரிச்சப்ப, வேடிக்கை பாக்குறதையும் தனியா ஒரு வகையா வச்சாங்க. தனியா விளையாடுறது, பக்கத்துல உக்காந்து அதே பொருள வச்சு ஆனா தனித்தனியா விளையாடுறது, சேர்ந்து விளையாடுறது எல்லாம் அந்த வரிசையில தான் வருது. என் கிளாஸ்ல ஒரு பொண்ணு 2 வாரம் மணல் தொட்டிகிட்ட நின்னுக்கிட்டே இருந்தா, தொடவே இல்ல. நான் "மணல்ல ஆர்வம் இல்ல"ன்னு எழுதப் போனேன், கூட இருந்த அக்கா தான் "அவ கண்ணு எங்க போகுதுன்னு எழுது"ன்னாங்க. பாத்தா அவ கண்ணு மணல்ல இல்ல, ஒரே ஒரு பொண்ணு மேல தான் இருந்துச்சு, அவ போற எடமெல்லாம் இவ தலை திரும்புது. அடுத்து என்ன செய்யணும்னு அந்த ஒரு வரியே சொல்லிடுச்சு, மணல விட்டுட்டு அந்த ரெண்டு பேருக்கும் சேர்ந்து செய்யுற மாதிரி ஒரு சின்ன வேலை, செடிக்கு தண்ணி ஊத்துற வேலை, ரெண்டு பேரும் பிடிச்சா தான் தூக்க முடியுற வாளி. மூணாவது நாள் ரெண்டு பேரும் மணல்ல இருந்தாங்க.

ஒரே விஷயத்த திரும்பத் திரும்ப செய்யுறாங்களா? அத கண்டிப்பா எழுதுங்க. பையில எல்லாத்தையும் போட்டு இங்கேருந்து அங்க தூக்கிட்டு போறது, எல்லாத்தையும் துணியால மூடுறது, சுத்துற பொருள் எதப் பாத்தாலும் அங்கயே நிக்கிறது, எதையாவது தூக்கிப் போட்டுக்கிட்டே இருக்குறது. இந்த மாதிரி திரும்பத் திரும்ப வர்ற செயலோட வடிவத்துக்கு ஸ்கீமான்னு பேரு, சுவிஸ் உளவியலாளர் பியாஜே தன் 3 குழந்தைங்கள கவனிச்சு இத பத்தி எழுதினாரு, 1970கள்ல இங்கிலாந்துல கிறிஸ் ஏத்தி ப்ரீஸ்கூல் குழந்தைங்கள பல வருஷம் பாத்து இத நமக்கு பயன்படுற மாதிரி ஆக்கினாங்க. இது தெரியாதப்ப தூக்கிப் போடுற பையன திட்டுவோம், தெரிஞ்சப்புறம் அவனுக்கு பொருள் எப்படி பறக்குது, எங்க போய் விழுதுன்னு தெரிஞ்சுக்கணும்னு புரியும். மென்மையான பந்து, ஒரு கூடை, சாய்வான பலகைல உருட்டி விட கார், இது தான் அவனோட அடுத்த படி. "பொருள தூக்கிப் போடக்கூடாதுன்னு கத்துக்கணும்"னு எழுதினா அது நம்ம வசதிக்கு எழுதினது.

இப்போ அடுத்த படி எழுதுறது. பெரும்பாலும் இங்க தான் எல்லாரும் சறுக்குறாங்க. "எண்ணும் திறன மேம்படுத்தணும்", "பேச்ச ஊக்குவிக்கணும்". இத படிச்சுட்டு நாளைக்கு காலைல நீங்க கையில என்ன எடுப்பீங்க? ஒண்ணும் எடுக்க முடியாது. நாளைக்கு எந்தப் பொருள எங்க வைக்கப் போறேன், யார் பக்கத்துல உக்காரப் போறேன், என்ன சொல்லப் போறேன் அல்லது எத சொல்லாம இருக்கப் போறேன், எதப் பாத்தா சரி வந்துச்சுன்னு தெரியும், இதெல்லாம் இருந்தா தான் அது அடுத்த படி.

எண்ணுறதையே எடுத்துக்குவோம், இது நிறைய பேருக்கு வர்ற கேஸ். 1லேருந்து 10 வரைக்கும் கடகடன்னு சொல்லுற 4 வயசு பொண்ணு. 5 மூடிய வரிசையா வச்சு எண்ணச் சொன்னா விரல் ஒரு பக்கம் போகுது வாய் ஒரு பக்கம் போகுது, ஒரு மூடிய ரெண்டு தடவ தொட்டுட்டு 6ங்கிறா. இன்னொரு பையன் சரியா தொட்டு 1, 2, 3, 4, 5ன்னு எண்ணுறான், "அப்போ மொத்தம் எத்தனை?"ன்னு கேட்டா திரும்ப 1லேருந்து ஆரம்பிக்கிறான். ரெண்டு பேருக்கும் நோட்ல "10 வரை எண்ணத் தெரியும்"னு தான் நாம எழுதுவோம், ஆனா ரெண்டும் ரொம்ப வேற. ரோஷெல் கெல்மன், ரேண்டி காலிஸ்டல்னு ரெண்டு உளவியலாளருங்க 1978ல எண்ணுறதுக்குள்ள 5 தனித்தனி விஷயம் இருக்குன்னு பிரிச்சுக் காட்டினாங்க, அதுல ஒண்ணு ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண், இன்னொன்னு கடைசியா சொன்ன எண் தான் மொத்தம். பொண்ணுக்கு மொதல் விஷயம் இன்னும் வரல, பையனுக்கு அது வந்துடுச்சு ரெண்டாவது வரல. அப்போ பொண்ணுக்கு எண்ணின மூடிய நகத்தி ஒரு டப்பாக்குள்ள போடுற மாதிரி விளையாட்டு, ஒரு பொருள் ஒரு எண் ஒரு சத்தம். பையனுக்கு "எனக்கு 4 மூடி எடுத்துட்டு வா"ன்னு கேக்குறது, எடுத்துட்டு வந்தப்புறம் நானே எண்ணிட்டு "1, 2, 3, 4. நாலு இருக்கு"ன்னு கடைசி எண்ண திரும்பச் சொல்றது. கவனிச்சு எழுதினா ஒரே கிளாஸ்ல ஒரே மூடிய வச்சு ரெண்டு பேருக்கு ரெண்டு வேலை குடுக்க முடியுது, இதுக்காகத் தான் இவ்வளவு பாடும்.

எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறதுன்னு கேப்பீங்க. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது இதுக்கு நல்லா உதவும்: இன்னைக்கு கூட ஒருத்தர் இருந்தா செய்ய முடியுறத நாளைக்கு தனியா செய்வாங்க. அதனால நோட்ல "தானா செஞ்சான்", "நான் முனைய பிடிச்சுக்கிட்டப்ப செஞ்சான்", "சொல்லிக் காட்டினப்புறம் செஞ்சான்"னு உதவியோட அளவ எழுதுங்க. உதவியோட செஞ்சது எதுவோ அங்க தான் அடுத்த படி இருக்கு. உதவி பண்ணியும் முடியாதத இப்போதைக்கு விட்டுடுங்க, தானா செய்யுறத திரும்பத் திரும்ப சோதிக்காதீங்க.

அடுத்த படின்னா எப்பவும் மேல ஏறுறதா இருக்கணும்னு இல்ல. பிளாக் அடுக்குற பையன இன்னும் உயரமா அடுக்க வைக்கணும்னு கட்டாயம் இல்ல, மெத்தை மேல அடுக்கிப் பாக்கட்டும், அட்டைப் பெட்டிய அடுக்கிப் பாக்கட்டும், சாய்வுல அடுக்கிப் பாக்கட்டும். சில சமயம் அடுத்த படி "ஒண்ணும் செய்ய வேண்டாம், அந்த எடத்த கலைக்காம வச்சிரு, நாளைக்கு வந்து தொடரட்டும்"ங்கிறது தான். இத எழுத நமக்கு தயக்கமா இருக்கும், வேலை செய்யாத மாதிரி தெரியும்னு. தைரியமா எழுதுங்க.

கடிக்கிறது, அடிக்கிறது, அழுறது மாதிரி விஷயத்துக்கு நோட்ஸ் வேற மாதிரி எடுக்கணும், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, என்ன செஞ்சாங்க, அதுக்கப்புறம் சுத்தி இருந்தவங்க என்ன செஞ்சாங்கன்னு மூணு பத்தியா, நேரத்தோட. ஒரு பையன் கடிக்கிறான் கடிக்கிறான்னு எல்லாரும் சொல்லிக்கிட்டே இருந்தோம், ஒரு வாரம் இப்படி எழுதிப் பாத்தா 5ல 4 தடவ பொருள எடுத்து வைக்கிற நேரம், எல்லாரும் ஒரே எடத்துல நெருக்கி நிக்கிறப்ப, கூட்டமும் சத்தமும் சேர்ந்து வரும்போது. அவனுக்கு அந்த நேரத்துல வெளில ஒரு வேலை குடுத்தோம், ரொம்ப கொறஞ்சுடுச்சு.

ஒரு எச்சரிக்கை. முன்னாடி பேசிக்கிட்டு இருந்த வார்த்தைங்க காணாமப் போகுது, பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்புறதே இல்ல, முன்னாடி செஞ்சத இப்போ செய்ய முடியல, இப்படி நோட்ஸ்ல தெரிஞ்சா அடுத்த படி போட்டு 2 மாசம் காத்திருக்காதீங்க, அப்பா அம்மாகிட்ட தேதியோட காட்டி சீக்கிரமா டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. இது இன்ன பிரச்சனைன்னு பேரு வைக்கிறது நம்ம வேலை இல்ல, பாத்தத சரியா எழுதிக் குடுக்குறது நம்ம வேலை, டாக்டருக்கும் அது தான் உதவும்.

எத்தனை எழுதுறதுன்னு கணக்கு வச்சுக்காதீங்க. இங்கிலாந்துல 2021 செப்டம்பர்ல சின்னக் குழந்தைங்களுக்கான விதிமுறைய மாத்தினப்ப தேவையில்லாத பேப்பர் வேலைய கொறைக்கிறதும் ஒரு நோக்கமா இருந்துச்சு, எழுதி எழுதியே டீச்சருங்க குழந்தைங்களோட இருக்குற நேரம் போகுதுன்னு அங்கயும் புரிஞ்சிருக்கு. உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சத திரும்ப எழுத வேண்டாம், புதுசா பட்டது, ஆச்சரியமா இருந்தது, புரியாதது, இதுக்கு தான் பேனா. ஆனா ஒண்ணு மட்டும் செய்யுங்க, எல்லார் பேரையும் ஒரு பக்கத்துல வரிசையா எழுதி நோட் எடுத்தா எதிர்ல ஒரு டிக் போடுங்க. வெள்ளிக்கிழமை அத பாத்தா சத்தம் போடுற 4 பேருக்கு நிறைய டிக், அமைதியா இருக்குற 3 பேருக்கு ஒண்ணுமே இருக்காது. திங்கக்கிழமை அந்த 3 பேர் பக்கத்துல தான் மொதல்ல போய் உக்காரணும்.

வீட்ல இருக்குறவங்ககிட்ட கேளுங்க, நீங்க மட்டும் சொல்லிக்கிட்டே இருக்காதீங்க. ஸ்கூல்ல ஒரு வார்த்தை பேசாத புள்ள வீட்ல தம்பிக்கு கதையே சொல்லும், அத அந்த அம்மா சொன்னா அதுவும் நோட் தான், "வீட்ல, அம்மா சொன்னது"ன்னு போட்டு எழுதுங்க. குழந்தைக்கும் படிச்சுக் காட்டுங்க. நியூசிலாந்துல மார்கரெட் கார் ஆரம்பிச்ச வழியில நோட்டையே குழந்தைகிட்ட பேசுற மாதிரி கதையா எழுதுவாங்க, "நீ அன்னைக்கு பெரிய பிளாக்க தேடினியே"ன்னு. நான் அந்த பிளாக் பையனுக்கு அவன் நோட்ட படிச்சுக் காட்டினேன், கேட்டுட்டு "இல்ல, பெருசா இருக்குன்னு வைக்கல, அது ஆடல, அதான் வச்சேன்"னு திருத்தினான். கோட்டுக்கு கீழ நான் எழுதியிருந்தது தப்பு. அடிச்சுட்டு அவன் சொன்னத எழுதினேன், அடுத்த நாள் வெவ்வேறு சைஸ்ல எடுத்து வைக்கலாம்னு போட்டிருந்த திட்டத்த மாத்தி, அடிப்பக்கம் தட்டையா இருக்குறதும் வளைஞ்சு இருக்குறதும் கலந்து வச்சேன்.

திட்டம் போட்டது நடந்துச்சா இல்லையான்னு ஒரு வரி எழுதுங்க, அது இல்லாம நோட் முடியல. தொடவே இல்லன்னாலும் "வச்சேன், தொடல, ஜன்னல்கிட்ட போய் வெளில லாரிய பாத்துக்கிட்டு இருந்தான்"னு எழுதுங்க, அடுத்த நோட் அந்த ஜன்னல்ல இருந்து ஆரம்பிக்கும்.